படிவத்தின் ஏழாவது கட்டம்: எங்கள் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா, செயலாளர் அண்ணன், பொருளாளர் அக்கா, செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. ஆவணியில் வரன் அறிமுக விழா என்றால் பதிவுப் படிவம் இந்த மாதமே அச்சுக்குப் போய்விடும். அதற்குள் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போன வருடம் நேரில்தான் சொன்னேன். "பார்க்கலாம்மா" என்றீர்கள். பார்த்த மாதிரித் தெரியவில்லை. அதனால்தான் இந்த முறை உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

படிவத்தில் ஏழாவது கட்டமாக "இனம் / உட்பிரிவு" என்று சாதியைக் கேட்கிற ஒன்று இருக்கிறதல்லவா, அதை எடுத்துவிடுங்கள். என் கோரிக்கை அவ்வளவுதான். மீதி எல்லாம் ஏன் கேட்கிறேன் என்பதற்கான விளக்கம்.

ஏப்ரல் 14 அன்று மும்பையில் நமக்கு இரட்டைக் கொண்டாட்டம். மண்டபத்துக்குள்ளே சித்திரை ஒன்று: மாங்காய்ப் பச்சடி, பானகம், பட்டிமன்றம். வெளியே அம்பேத்கர் பிறந்தநாள்: சாலை முழுக்க நீலக்கொடி, டிஜே சத்தம், ஜெய் பீம் முழக்கம். பல வருடம் நாம் செய்ததெல்லாம் பட்டிமன்றம் காதில் விழவில்லை என்று ஜன்னலைச் சாத்தியதுதான். இப்போது சில வருடங்களாக மேடையில் வள்ளுவர், பாரதி படங்களுக்குப் பக்கத்தில் பாபாசாகேப் அம்பேத்கரின் படமும் இருக்கிறது. வட்டார அரசியல் பிரமுகர் சிறப்பு விருந்தினராக வரத் தொடங்கிய பிறகுதான் அந்தப் படம் வந்தது என்று சிலர் சிரிப்பார்கள். எப்படி வந்தால் என்ன, வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். இந்த வருடமும் மாலை போட்டோம், சட்டமேதை என்றோம், எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வடை நன்றாக இருந்தது. பந்தி முடிந்ததும் அதே மைக்கில் ஆவணி வரன் விழாவுக்கு அறிவிப்புச் செய்தீர்கள்.

எனக்கு உறுத்தியது அந்த அறிவிப்புதான்.

1916 மே மாதம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கு. பம்பாய் பரேலில் சால் என்ற தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்த, 25 வயதான பீம்ராவ் அம்பேத்கர் அங்கே சாதியின் தோற்றம் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாதிக்கு அடிப்படை என்ன? தீட்டா, தொழிலா, சேர்ந்து சாப்பிடாததா என்று ஒவ்வொன்றாக எடுத்து அலசிவிட்டு, இவை எதுவும் அடிப்படை இல்லை, தன் வட்டத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் அகமணம்தான் சாதி என்ற அமைப்பையே நிறுத்திவைத்திருக்கிறது என்றார். அது போனால் சாதிக்கு நிற்க இடமில்லை.

அந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி பெண்களைப் பற்றியது. ஒரு வட்டத்துக்குள்ளேயே கல்யாணம் முடிய வேண்டுமென்றால் ஆண் எண்ணிக்கையும் பெண் எண்ணிக்கையும் சரிசமமாக இருந்தாக வேண்டும். கணவன் முதலில் செத்தால் மனைவி உபரி. அந்த உபரிப் பெண் வட்டத்தைத் தாண்டிப் போய்விடாமல் இருக்க என்ன செய்தார்கள்? உடன்கட்டை ஏற்றினார்கள். இல்லையென்றால் தலையை மழித்து, வெள்ளைச் சேலை கட்டி, மூலையில் உட்காரவைத்தார்கள். மனைவியை இழந்த ஆணை அப்படித் தீர்த்துக்கட்ட மனசில்லை, அதனால் அவனுக்குப் பருவத்துக்கு வராத சிறுமியைக் கட்டிவைத்தார்கள். சதி, கைம்மைக் கொடுமை, பால்ய விவாகம் என்று நாம் தனித்தனியாகப் பாடம் படித்த மூன்றும் வேலியைக் காக்கச் செய்த ஒரே வேலை என்று அந்த இளைஞர் கணக்குப்போலப் போட்டுக் காட்டுகிறார். என் பாட்டியை வெள்ளைச் சேலையைத் தவிர வேறு சேலையில் நான் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரையைப் படிக்கும் வரை அதைச் சாதியோடு சேர்த்து நினைத்ததும் இல்லை.

இருபது வருடம் கழித்து, 1936இல், லாகூரில் சாதி ஒழிப்புக்காகவே தொடங்கப்பட்ட ஜாத் பாத் தோடக் மண்டல் தன் மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்த்தவர்கள் சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டேன் என்றார் அவர். மாநாடு ரத்தானது. அந்த மண்டலைச் சேர்ந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாதி ஒழிய வேண்டும் என்று மனதார நினைத்த, படித்த, மரியாதையான மனிதர்கள்தான். அதைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் நம் செயற்குழுவைப் பற்றியும் என் கருத்து அதேதான்.

பேசாத அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சடித்தார். இரண்டே மாதத்தில் தீர்ந்துபோயின. விலை எட்டணா. விலை அதிகம், இரண்டணாவுக்குக் கொடுத்திருக்கலாம் என்று காந்தியார் தன் பத்திரிகையில் எழுதினார். (உள்ளடக்கத்தைப் பற்றியும் எழுதினார், அந்த விவாதம் இந்த மடலில் அடங்காது.) அந்த உரையில் நமக்கு வேண்டிய இடம் ஒன்றுதான். சேர்ந்து சாப்பிடுவது சாதியைக் கொன்றதில்லை, கலப்புத் திருமணம்தான் உண்மையான மருந்து, இரத்தம் கலந்தால்தான் ஒருவரை ஒருவர் உறவு என்று நினைப்போம் என்கிறார் அம்பேத்கர். சமபந்தி போட்டுவிட்டோம் என்று திருப்திப்பட்டுக்கொள்பவர்களுக்கு 1936இலேயே பதில் எழுதிவைத்துவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

அவர் மராத்தியத் தலைவர், நாம் மரியாதைக்கு ஒரு மாலை போட்டால் போதும் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த அண்ணனுக்காக ஒரு சேதி: அந்த உரை முதலில் மொழிபெயர்க்கப்பட்ட இரண்டு மொழிகளில் ஒன்று தமிழ், இன்னொன்று குஜராத்தி. மராத்தி மொழிபெயர்ப்பு அப்போது நடந்துகொண்டுதான் இருந்தது. 1937இல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் அவரே இதைக் குறிப்பிடுகிறார். பெரியாரின் குடி அரசு இதழ் அதைத் தமிழில் கொண்டுவந்தது. வட்டமேசை மாநாட்டில் அவரோடு ஒடுக்கப்பட்டோர் சார்பில் உட்கார்ந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். 1942இல் நாகபுரியில் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பு தொடங்கியபோது அதற்குத் தலைவரானவர் சென்னை என். சிவராஜ். பௌத்தம் பற்றி லட்சுமி நரசு எழுதிய நூலை 1948இல் தன் முன்னுரையோடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தார் அம்பேத்கர். நரசுவும் சென்னைக்காரர்தான். நமக்கும் அவருக்கும் ஒரு மாலையளவு உறவுதான் என்றால் எப்படி?

சரி, படிவத்துக்கு வருகிறேன்.

போன ஆவணியில் பதிவு மேசையில் உதவிக்கு உட்கார்ந்திருந்தேன். பெயர், பிறந்த நேரம், உயரம், படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் எழுதி முடித்துவிட்டு ஏழாவது கட்டத்துக்கு வருவார்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் மேசையில் படிவங்களை அடுக்கினார்கள். ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு நிறத்தில் அட்டை, மேலே ரப்பர் பேண்டு. மடிக்கணினியில் எக்செல் தாள் வைத்திருந்த கல்லூரித் தம்பி அந்தக் கட்டத்தைத் தட்டினால் வேண்டிய சாதி மட்டும் திரையில் நிற்கும்படி செய்துவைத்திருந்தான். கெட்டிக்காரப் பையன், சொன்னதைச் செய்தான். மேடையில் கூப்பிட்டதும் அந்த அட்டைகளின் வரிசையில்தான்.

தாராவியிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். பெண் நர்ஸ், இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தது. ஏழாவது கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. நம் ஆள் ஒருவர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, "இதை நிரப்புங்கம்மா, இல்லாட்டி உங்களை எந்த வரிசையில் கூப்பிடறது?" என்றார். குரலில் கடுமை இல்லை, அக்கறைதான். அந்த அம்மா மகளைப் பார்த்தார். மகள் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேனாவை வாங்கி ஏதோ எழுதிக் கொடுத்தார். நான் எட்டிப் பார்க்கவில்லை. ஆனால் அவர்களைக் கூப்பிட்டது கடைசி வரிசையில். அப்போது மணி நாலைத் தாண்டியிருந்தது, பாதி நாற்காலி காலி. அதற்குள் வேலைக்காரர்கள் பின்வரிசை நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெண் மேடையேறித் தன் பெயர், படிப்பு, வேலையைச் சொல்லிவிட்டு இறங்கியது.

இன்னொரு படிவம். பையன் பவாயில் மென்பொருள் வேலை, நடுவில் சில வருடம் அமெரிக்கா. கடைசியில் "எதிர்பார்ப்பு" என்ற இடத்தில் இரண்டு பெட்டிகள் உண்டல்லவா, "அதே இனம்", "தடையில்லை" என்று. அவர்கள் "தடையில்லை"யில் டிக் போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே நீல பால்பென்னில், சின்ன எழுத்தில், "எஸ்.சி. தவிர". கொண்டுவந்து கொடுத்தவர் பையனின் அப்பா, அத்தனை பணிவான மனிதர், எனக்கு டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தப் படிவம் எந்த அட்டையில் போனது தெரியுமா? "தடையில்லை" அட்டையில்தான்.

இதைச் சொன்னதும் என் சாதி என்ன என்று உங்களில் சிலர் கணக்குப் போடத் தொடங்கியிருப்பீர்கள். கணவர் பெயர், அப்பாவின் ஊர், தாராவியில் எந்தப் பக்கம் என்று. போடுங்கள். நான் சொல்லப்போவதில்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்கு ஓரளவு தெரியும். பெற்றோர் கேட்கிறார்கள், நாமா திணிக்கிறோம்? கேட்கட்டும். ஆளாளுக்கு ஒரு தொலைபேசி இருக்கிறது, கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார்கள். அவர்கள் கேட்பதும் சங்கம் தன் முத்திரை குத்திய தாளில் கட்டம் போட்டுக் கேட்பதும் ஒன்றாகுமா? நம் சங்க விதிமுறைகளின் முதல் பக்கத்தில் "சாதி, மத வேறுபாடின்றி மும்பைவாழ் தமிழர் அனைவருக்கும்" என்று இருக்கிறது. அறநிலைய ஆணையர் அலுவலகத்தில் பதிவுசெய்யக் கொடுத்த பிரதியிலும் அதேதான்.

சட்டப்படி தவறில்லையே என்பீர்கள். தவறில்லை. ஒரு வரன் படிவத்தில் சாதி கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை, அது எனக்குத் தெரியும். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியதும் இதைப் பற்றித்தானே? அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற சமத்துவம் வந்துவிட்டது, சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது, இந்த முரண்பாட்டோடுதான் 1950 ஜனவரி 26இல் நுழையப்போகிறோம் என்றார். சட்டம் எழுதியவருக்கே சட்டம் எங்கே நின்றுவிடும் என்று தெரிந்திருந்தது. அதே உரையில், அரசியலில் பக்தி என்பது சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் வழி என்றும் எச்சரித்தார். அப்படிச் சொன்னவருக்கு நாம் தீபாராதனை காட்டாத குறைதான்.

சட்டமும் லேசாக வந்துவிடவில்லை. இந்துக்களுக்குள் சாதி மாறிச் செய்த திருமணங்கள் செல்லும் என்று தெளிவாகச் சட்டம் வந்ததே 1949இல்தான். திருமணம், மணவிலக்கு, பெண்ணுக்குச் சொத்து எல்லாவற்றையும் சேர்த்து அவர் கொண்டுவந்த இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை நாடாளுமன்றம் இழுத்தடித்தது. 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்தார், அதற்கு அவர் சொன்ன முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. பிறகு 1955, 56இல் நான்கு சட்டங்களாகப் பிரிந்து நிறைவேறியது. இன்றைக்கு என் பெயரில் பாதி வீடு இருக்கிறதென்றால் அந்த வழியில் வந்தது. தன் வாழ்க்கையிலும் சொன்னதைச் செய்தார். முதல் மனைவி ரமாபாய் இறந்து பல வருடம் கழித்து, 1948 ஏப்ரல் 15 அன்று டெல்லியில், சாரஸ்வத பிராமணக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் சாரதா கபீரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்.

அப்புறம், அந்தக் கட்டத்தை எடுத்தால் யாரும் வரமாட்டார்கள், மண்டப வாடகைகூடத் தேறாது என்பது பொருளாளர் அக்காவின் கவலை. இது நியாயமான கவலை, தட்டிக்கழிக்க மாட்டேன். 2011-12இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் சாதி மாறித் திருமணம் செய்ததாகச் சொன்னவர்கள் சுமார் 5 சதவீதம்தான். கூட்டம் குறையும். முதல் வருடம் நன்றாகவே குறையும். குறைகிற பணத்துக்கு உறுப்பினர்களிடம் நன்கொடை கேளுங்கள், முதல் ஆளாக நான் தருகிறேன். படிப்பு, வேலை, இருக்கும் இடம் என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். விரார் பையனுக்கும் பன்வேல் பெண்ணுக்கும் ரயிலே பொருந்தாது. உண்மையில் அதுதான் இந்த ஊரில் பெரிய பொருத்தம்!

இன்னொன்றையும் யோசியுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் உறுப்பினர் குடும்பம் ஒன்றுக்கு, மதராசி, மீன் சமைப்பார்கள் என்று சொல்லி வீடு வாடகைக்குத் தர மறுத்தார்கள். நாம் கொதித்துப்போனோம். கண்டனத் தீர்மானம் போட்டோம், வரைவு எழுதியதே நான்தான். 1960களின் கடைசியில் தென்னிந்தியர்களைத் துரத்து என்று இந்த நகரத்தில் கல் பறந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்ததை அப்பா சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கும் உரிமை, பிறந்த இடத்தைக் காட்டி அரசு வேலை மறுக்க முடியாது என்ற உரிமை, இரண்டையும் அரசியலமைப்பின் 19ஆவது, 16ஆவது பிரிவுகளில்தான் நாம் தேடிப் பிடித்துக்கொள்கிறோம். அந்த அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவர் அம்பேத்கர், 1917இல் வெளிநாட்டுப் படிப்போடு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனபோது வீடு கிடைக்காமல் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்க வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்து தடிகளோடு வந்த கும்பல் வெளியே போகச் சொன்னது. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

வாடகைக்கு வீடு கேட்கும்போது நம்மிடம் "நீங்கள் என்ன ஆட்கள்?" என்றால் வலிக்கிறது. நம் மண்டபத்தில், நம் மேசையில், நாமே அதைக் கேட்கிறோம்.

தமிழ்நாட்டில் இது எங்கே போய் முடிகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், நடுச்சாலையில், சாதி மாறித் திருமணம் செய்த சங்கரை வெட்டிய காட்சியை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். நம் படிவத்துக்கும் அரிவாளுக்கும் என்ன சம்பந்தம் என்று கோபப்படாதீர்கள். நேரடிச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் வட்டத்துக்குள்தான் கல்யாணம் என்பது இயல்பு, நாகரிகம், பெற்றோரின் அக்கறை என்று ஏசி மண்டபத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால், அதைத் தாண்டுவது குற்றம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

நான் வளர்ந்த தாராவிச் சந்தில் குழாயடி ஒன்றுதான். திருநெல்வேலிப் பக்கத்துப் பல சாதிக்காரர்களும், தோல் பதனிடும் வேலைக்கு வந்த தமிழ் முஸ்லிம்களும், மராத்திக்காரர்களும் ஒரே வரிசையில் குடம் வைத்தார்கள். சாதி பார்க்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். தண்ணீர் வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அதற்கெல்லாம் நேரமில்லை, அவ்வளவுதான். 1927இல், ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்த மகாட் ஊர் சவுதார் குளத்தில் இறங்கி ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிக்க அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போக வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரை அவர்களுக்கு மறுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆயிற்று. குழாயடியில் நாங்கள் முன்பின் யோசிக்காமல் குடம் வைத்ததற்குப் பின்னால் அந்தப் பத்து வருடம் இருக்கிறது. கல்யாணத்தில் நாம் இன்னும் மகாட் வரைகூட வரவில்லை.

ஆகவே, செய்யக் கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். ஏழாவது கட்டத்தையும் அதோடு அந்த "அதே இனம்" பெட்டியையும் எடுத்துவிட்டுப் படிவத்தை அச்சுக்கு அனுப்புங்கள். யாராவது கையால் எழுதிக் கொடுத்தால் வாங்கும்போதே அடித்துவிடுங்கள். மேடையில் பதிவு எண் வரிசையில் கூப்பிடுங்கள். அடுத்த ஏப்ரல் 14 அன்று சிறப்பு விருந்தினரின் உரையைக் கொஞ்சம் சுருக்கச் சொல்லி, 1936 உரையில் திருமணம் பற்றிய பக்கங்களைத் தமிழில் மேடையில் வாசிக்கவையுங்கள். வாசிக்க ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். படிவம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அச்சக அண்ணனிடம் விசாரித்துவிட்டேன், இன்னும் தாள்கூட வரவில்லை.

இல்லை, முடியாது என்றால், விதிமுறைப்படி உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் சிறப்புப் பொதுக்குழு கூட்ட வேண்டும். அதற்கான தாள் என் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்திருப்பேன், வருகிறவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். செயற்குழுவினரும் வரலாம், தடையில்லை.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவர்
மும்பை